பொத்திப் பொத்தி வளர்த்த பிக்கப்

பொத்தி என்ற பெயர் அவருக்குப் பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால் மரச்சாமான் கடையில் எல்லோரும் அவரை இடி என்றுதான் கூப்பிட்டார்கள். கடை வண்டியை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்போது வருகிற சத்தத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். ஸ்பீட் பிரேக்கரை எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் குதித்துவிடுவார். பின்னால் உட்கார்ந்துவரும் சுமை தூக்குகிற அண்ணன் தம்பி இருவருக்கும், பீரோவைப் பிடிப்பதா தங்களைப் பிடித்துக்கொள்வதா என்று ஒவ்வொரு தடவையும் யோசனை வரும். பெரும்பாலும் பீரோதான் தோற்கும்.

கிளட்ச் மேல் வைத்த இடது காலை அவர் எடுத்ததே கிடையாது. "கால் வைக்க அங்க ஒரு எடம் குடுத்திருக்கான், வச்சிருக்கேன்" என்பார். டயரில் காற்று குறைந்திருக்கிறதே என்றால் "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார். சிவப்பு விளக்கு எரிகிறதே என்றால் "அது எப்பவும் எரியும்" என்பார். ஒருநாள் அந்த வண்டி நடுரோட்டில் புகைவிட்டு நின்றபோது நிதானமாக இறங்கிக் கதவைச் சாத்தினார். எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"முதலாளி, உங்க வண்டி நின்னுபோச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் மாடு செத்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாராம். முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் விவரமான ஆள். இந்த மனிதர் கையில் தன் வண்டி ஒன்றுகூட உருப்படாது என்பது அவருக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது. மறுநாளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏம்பா, எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டுவே? நீயே ஒரு பிக்கப் வாங்கிக்கோ. டெலிவரி பூரா உனக்கே தர்றேன். வாடகையை லோடுக்கு லோடு வாங்கிக்கோ."

இடிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கடன் வாங்கி, கையெழுத்துப் போட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு பிக்கப் எடுத்தார். அந்த வண்டியின் சாவியைக் கையில் வாங்கிய அந்த நிமிஷமே இடி செத்துப்போனார். பொத்தி பிறந்தார்.

ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வண்டியை ஓட்டிவந்த அழகை எங்கள் தெருவே நின்று பார்த்தது. முதல் கியரிலேயே வந்தார். ஒரு காய்கறித் தள்ளுவண்டிக்காரர் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார். அவரிடம் ஹாரன் இல்லை. "அண்ணே, கொஞ்சம் ஓரம் போங்கண்ணே, கீரை வாடுது" என்று வாயாலேயே கத்தி, முந்திக்கொண்டு போனார்.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் உறையை சீட்டிலிருந்து அவர் பிரிக்கவில்லை. உறை கிழிந்துவிடக்கூடாதே என்று அதன்மேல் ஒரு துணி போட்டார். துணி அழுக்காகிவிடக்கூடாதே என்று அதன்மேல் பழைய பெட்ஷீட்டைப் போட்டார். தான் காசு கொடுத்து வாங்கிய சீட் என்ன நிறம் என்பது அவருக்கே மறந்துபோனது. சரக்கு ஏற்றுகிற பின்தட்டில் ரப்பர் பாய், அதற்குமேல் ஒரு மெத்தை. அவர் மனைவி அதே மரச்சாமான் கடையில் மெத்தை உறை தைக்கிறவர். வீட்டில் தனக்கென்று ஒரு தையல் மிஷினும் வைத்திருந்தார். வண்டி முழுசுக்கும் ஒரு உறை வேண்டும் என்று பொத்தி கேட்க, அவரும் ஒரு வாரம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு பொத்தி தலையைச் சொறிந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா சக்கரம் வெளிய தெரியுதே. அதுக்குத் தனியா நாலு உறை தைச்சிடேன்."

"அதுக்குப் பேரு சாக்ஸுங்க. வண்டியைப் பள்ளிக்கூடத்துல சேக்கப்போறீங்களா?"

பொத்தி சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தார் என்றுதான் கேள்வி.

கடையில் வேலை ஆரம்பமானது. அண்ணன் தம்பி இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்தட்டில் ஏற வேண்டும். காலைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டும் தொங்கியது. இரும்புக் கால் வைத்த கட்டில் என்றால் தொடவே மாட்டார். மரச் சாமான் என்றாலும் அதன் முனைகளுக்கெல்லாம் பஞ்சு வைத்து, சாக்குச் சுற்றி, கயிறு கட்டி, வைத்தியர் கட்டுப்போட்ட மாதிரிதான் ஏற்றுவார். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜையை இறக்கியபோது அந்த வீட்டுக்கார அம்மா மெய்சிலிர்த்துப்போனார்.

"சாமானை இவ்வளவு பத்திரமா கொண்டுவர்ற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க. ஒரு கீறல் இல்லையே!"

"ஆமாங்க, ஒரு கீறல்கூட இல்ல" என்றார் பொத்தி பெருமையாக. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியின் பின்தட்டை.

அந்த அம்மா சந்தோஷத்தில், மூலையில் கிடந்த பழைய இரும்பு பீரோவைக் காட்டி, இதைப் போகிற வழியில் காயலான் கடையில் போட்டுவிட முடியுமா, கூலி தருகிறேன் என்று கேட்டார். பொத்தி இரண்டடி பின்வாங்கினார்.

"துருப்பிடிச்சதுங்க. நம்ம வண்டிக்கு ஒட்டிக்கும்."

மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்குமே என்று அண்ணன் தம்பியை இறங்கி நடக்கச் சொல்வார். ஒருநாள், நடக்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பானேன் என்று தோன்றி, ஆளுக்கொரு நாற்காலியையும் கொடுத்தார். வண்டி முன்னால் காலியாக ஊர்ந்தது. அண்ணன் தம்பி பின்னால் நாற்காலியைச் சுமந்து போனார்கள். இடையில் தம்பி நாற்காலியை ரோட்டோரம் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, அந்த இடியையே திருப்பிக் கூப்பிடுங்கண்ணே. உயிர் போனாலும் சீக்கிரம் போகும்" என்று அவன் கத்தியது முதலாளி காதுவரை போனது.

மழை வருகிற மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கமாட்டார். வெயில் கொளுத்தினாலும் எடுக்கமாட்டார், பெயின்ட் வெளுக்குமாம். இரண்டும் இல்லாத நாளில் காற்றில் மண் பறக்கும். முதலாளி பார்த்தார், வேறு வண்டிக்காரரைப் பிடித்துவிட்டார். பொத்திக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "கண்ட லோடையும் ஏத்தினா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டு வாசலில் உறைபோட்டு நிறுத்திவைத்து, பணிவிடை செய்ய ஆரம்பித்தார். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். இன்ஜினுக்குள்ளும் குழாயை விட்டுக் கழுவினார். ஆயில் போதுமான அளவு இருந்தாலும், தட்டில் இன்னொரு கரண்டி வைக்கிற அம்மா மாதிரி, மேலே கொஞ்சம் ஊற்றினார். ஹேண்ட் பிரேக்கை வாரக்கணக்கில் இறுக்கி வைத்தார், ஓடிப்போய்விடுமோ என்று.

மனைவி இந்தக் காலத்தில் ஒரு காரியம் செய்தார். வீட்டில் வண்டி இருக்கிறதே என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஒரு கிழட்டுக் காரில் பழகி, லைசென்ஸ் வாங்கிவிட்டார். வாங்கிவந்து காட்டியபோது பொத்தி மனமாரப் பாராட்டினார். வண்டியில் ஏறி உட்காரவும் அனுமதித்தார். ஸ்டார்ட் பண்ண மட்டும் விடவில்லை.

"இப்படியே உக்காந்து பழகு. உக்கார்றதுதான் முக்கியம்."

ஒருநாள் காலை சாவியைத் திருகினால் வண்டி முனகியது. மறுபடி திருகினால் முனகலும் இல்லை. பொத்தி மெக்கானிக்கைக் கூட்டிவர ஓடினார். வந்து பார்த்த மெக்கானிக், கடை வண்டிக்குப் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். பொத்தியின் கைங்கரியத்தில் அவர் ஒரு மாடியே கட்டியிருந்தார். இன்ஜின் மூடியைத் திறந்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து உள்ளே நெம்பினார். இரண்டு எலிகள் ஓடின.

"குடும்பத்தோட இருக்காங்கண்ணே. வயரைக் கடிச்சு மெத்தை கட்டியிருக்கு. அதுக்கும் உங்க குணம்போல."

மேலும் குனிந்தும் படுத்தும் பார்த்தார். பேட்டரி ஓடாமலே செத்திருந்தது. பிரேக் பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் நின்றதில் டயர் ஒருபக்கம் சப்பையாகியிருந்தது. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு கசிந்தது. தினம் இரண்டு வேளைத் தண்ணீர், மேலே காற்றுப் புகாத உறை, இரண்டும் சேர்ந்து கதவு ஓரமெல்லாம் துருப் பூத்திருந்தது.

"துருவா? நான் எந்தத் துரு சாமானையும் ஏத்தலையே!" என்று பொத்தி அலறினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த முதலாளி வண்டி அடி வாங்கிச் செத்துச்சு. இது செல்லம் வாங்கிச் சாகுது. வண்டியை ஓட்டுங்க. கொஞ்சம் தூரம், கொஞ்சம் வேகம். முதல் கியர்லயே உருட்டுனா இன்ஜின்ல கரி பிடிக்கும்."

"ஓட்டுனா தேயாதா?"

"தேயும். அதுக்குத்தான் செய்யறாங்க."

இந்தப் பதில் பொத்தியின் மனசைப் புண்படுத்திவிட்டது. ரிப்பேர் முடிந்து வண்டி வந்ததும் செய்த முதல் வேலை, எலி ஏறாதபடி நாலு சக்கரத்துக்குக் கீழேயும் தட்டில் மண்ணெண்ணெய் வைத்தது. ஓட்டவில்லை.

பிறகுதான் அந்த மழை. காலையிலிருந்து விடாமல் பெய்தது. மத்தியானம் சாக்கடை நிறைந்து தெருவுக்கு வந்தது, தெரு நிறைந்து வீட்டு வாசற்படிக்கு வந்தது. பொத்தி வீட்டில் மனைவி, மாமியார், அவர் என்று மூன்றே பேர். மாமியாருக்கு முழங்கால் வலி. அவரை மேஜைமேல் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, மனைவி தன் தையல் மிஷினின் தலைப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை வண்டில வைங்க. அப்புறம் அரிசி டிரம். அப்புறம் அம்மாவைத் தூக்கிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால் ஆள் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாலம் உண்டு, ஊருக்கே உயரமான இடம். நாங்கள் எல்லோரும் தலையில் மூட்டையும் இடுப்பில் பாத்திரமுமாக முழங்கால் தண்ணீரில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பாலத்தின் நட்டநடுவில் அந்த பிக்கப் உறைபோட்டு நின்றது. பக்கத்தில் பொத்தி குடை பிடித்துக்கொண்டிருந்தார். குடை தனக்கில்லை, முன்கண்ணாடிக்கு. யாரோ கேட்டார்கள்.

"அண்ணே, எங்க மூட்டையைக் கொஞ்சம் ஏத்திக்கலாமா?"

"எடமில்லப்பா. உள்ள பூரா லோடு."

பாவம், வீட்டுச் சாமானையெல்லாம் கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது என்று நாங்கள் நகர்ந்துகொண்டோம். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி வந்தார். சேலை மார்புவரை நனைந்திருந்தது. பின்னால் சுமை தூக்குகிற அண்ணன், மாமியாரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி கையில் ஒரு அரிசி டிரம். தையல் மிஷின் இல்லை. அது தண்ணீருக்குள் போய்விட்டது.

 மனைவி நேராக வண்டிக்குப் பின்னால் போய், தானே தைத்த உறையின் நாடாவை அவிழ்த்து இழுத்தார். பின்தட்டில் மெத்தை இருந்தது. மெத்தைமேல் ஒன்றுமே இல்லை. அந்த வட்டாரத்தில் நனையாமல் இருந்த ஒரே மெத்தை அதுவாகத்தான் இருக்கும்.

 மாமியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"மாப்பிள்ளை நமக்குன்னு மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்காரு. ஏன் நிக்கிறீங்க? ஏத்துங்கப்பா என்னை."

"அத்தை, ஈரக் காலு..." என்று பொத்தி ஆரம்பித்தார். அவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"சாவி."

"இல்லம்மா, பிரேக்கு கொஞ்சம்..."

"சாவியைக் குடுங்க."

கொடுத்தார். மனைவி ஏறி, சீட்டிலிருந்த பெட்ஷீட், துணி, பிளாஸ்டிக் மூன்றையும் ஒரே இழுப்பில் உருவி வெளியே எறிந்தார். சீட் சாம்பல் நிறம். மாமியாரும் மூட்டைகளும் குழந்தைகளும் ஏற, வண்டி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் தெரு முனைக்கு இறங்கியது. தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு வந்த இடத்தில் மனைவி நிறுத்தி, "இதுக்கு மேல வந்தா இன்ஜினுக்குள்ள போயிடும். நீங்க இதுவரைக்கும் வாங்க" என்று கூப்பிட்டார். ஆட்களும் சாமானும் அங்கே நடந்துபோய் ஏறிக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் தெருவில் பாதிப் பேர் அந்த வண்டியில் போய்விட்டோம். எதிர்வீட்டுக்காரரின் இரும்புக் கட்டிலை ஏற்றும்போதுதான் முதல் கீறல் விழுந்தது, பக்கப் பலகையில், ஒரு முழ நீளம். பொத்தி ஓடிவந்து அதன்மேல் கையை வைத்தார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, கட்டிலின் மறுமுனையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

தண்ணீர் வடிந்தது. மனைவி ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேற்றில் கிடந்த மிஷினைப் பொத்தி எடுத்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டுப் பார்த்தார். அது ஓடவில்லை. "அதுதான் எனக்குச் சோறு போட்டுது. உங்க வண்டி யாருக்கு என்ன போட்டுது?" என்று மனைவி ஒரேயொரு தடவை கேட்டார்.  பொத்தி வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அன்றைக்கு அதைத் துடைக்கவில்லை.

சாவி திரும்ப அவர் கைக்கு வரவேயில்லை. மனைவி கடைக்குப் போய் முதலாளியிடம், இனிமேல் டெலிவரியை நான் ஓட்டுகிறேன் என்றார். முதலாளி ஒரு கணம் தயங்கினார்.

"உன் வீட்டுக்காரர்?"

"அவரு கட்டுப்போட வருவாரு. நான் ஓட்டுறேன்."

அந்த அம்மா ஓட்டியதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. தையல் மிஷினை எப்படி வைத்திருந்தாரோ அப்படித்தான் இதையும் வைத்திருந்தார். நாளெல்லாம் வேலை வாங்குவார். புதுசாக ஒரு சத்தம் கேட்டால் நிறுத்தி என்னவென்று பார்ப்பார். ஆயில் மாற்றுகிற நேரத்தில் மாற்றுவார், கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றமாட்டார். காலையில் எடுக்கும் முன்னால் டயரை ஒரு பார்வை. தாங்குகிற பாரத்துக்கு மேல் ஒரு ஸ்டூல்கூட ஏற்றமாட்டார். முதலாளி "இது ஒண்ணுதானே" என்றால், "அது அடுத்த தடவை வரும்" என்பார். கிளட்ச்சை மிதித்தால் மிதிப்பார், விட்டால் விட்டுவிடுவார். கீறல்கள் விழுந்தன. துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் கொஞ்சம் பெயின்டைத் தொட்டு வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

பொத்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார். ஆரம்பத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பாத்து... பாத்து..." என்று இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில், அவர் காலடியில் கிடந்த ரப்பர் மேட் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஆனால் சாமான் கட்டுகிற கலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடி வைத்த அலமாரிகூட அவர் கட்டினால் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் தம்பிக்குச் செருப்புப் போட்டு ஏற அனுமதி கிடைத்தது. மாமியாருக்கு ஆஸ்பத்திரி போகவர முன் சீட் கிடைத்தது. அந்த நாட்களில் பொத்திக்குப் பின்தட்டுதான். இன்னொரு நாள், மனைவி முதல் வாடகைகளைச் சேர்த்து வாங்கிய புது மிஷினும் அதே பின்தட்டில்தான் வீட்டுக்கு வந்தது. அதைப் பொத்தி பஞ்சு வைத்துக் கட்டியதைப் பார்த்து மனைவி லேசாகச் சிரித்தாராம். சமாதானம் அப்போதுதான் என்று தம்பி சொன்னான்.

வருஷங்கள் போய்விட்டன. அந்தக் காலத்தில் முதலாளி பிடித்த மற்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயாயிற்று. இது மட்டும் ஒரு திருகலில் ஸ்டார்ட் ஆகிறது. பெயின்ட் மங்கி, பக்கமெல்லாம் நெளிந்து, பார்த்தால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் விலை கேட்கிறார்கள். இதன் பெருமை முழுவதும் யாருக்குப் போனது என்கிறீர்கள்? பொத்திக்குத்தான். புது வண்டி எடுக்கிறவர்கள் எல்லாம் அவரைத் தேடிவருகிறார்கள். அவரும் சளைக்காமல் காட்சி கொடுக்கிறார்.

போன வாரம்கூட டைல்ஸ் வியாபாரி ஒருவர் புது பிக்கப்போடு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, வண்டி நீடிச்சு உழைக்க என்ன பண்ணணும்?"

பொத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றாதே, பாரத்தை அளவாக ஏற்று, சத்தம் வந்தால் அன்றைக்கே பார் என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டிக்கடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த மனைவி, தான் அவருக்குத் திட்டித் திட்டிச் சொன்ன வார்த்தைகளையே வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு தம்பி. ஆரம்பத்துல நாம எப்படிப் பாத்துக்கறோம்கிறதுதான். நான் இதைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டேன்."

வண்டிக்கடியிலிருந்து ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

டைல்ஸ் வியாபாரி மனம் குளிர்ந்து விடைபெற்றார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க, கடையில லோடு காத்துக்கிட்டிருக்கு" என்றார். இவர்கள் கிளம்பித் தெருமுனை தாண்டினால், முன்னால் ஒரு புது பிக்கப் ஊர்ந்துகொண்டிருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் பளபளத்தது. பின்னால் சைக்கிள்களும் ஆட்டோக்களும் வரிசைகட்டி நின்றன. மனைவி ஹாரன் அடித்தார். அசையவில்லை.

"உங்க சிஷ்யப் பிள்ளைதான் போல" என்றார்.

பொத்தி கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ், ஓட்டுய்யா வண்டியை! இன்ஜின்ல கரி பிடிக்கும்!"